அரசு வீடு: ஊர் சொல்வதும் விதி சொல்வதும்

தமிழ்நாட்டுக் கிராமத்தில் குடிசையில் இருக்கும் ஒரு குடும்பம் அரசு மானியத்தில் காங்கிரீட் வீடு கட்டிக்கொள்ளப் பெரிய வழிகள் இரண்டு. ஒன்று, மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும் பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டம். பழைய இந்திரா குடியிருப்புத் திட்டத்தை மாற்றியமைத்து 2016-ல் வந்தது இது. இன்னொன்று, 2024-25 நிதிநிலை அறிக்கையில் மாநில அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம். வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது அறிவித்த இலக்கு. டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் இவற்றைப் பற்றிப் புழங்கும் பேச்சில் நம்பக் கூடாதது நிறைய இருக்கிறது. அதை நம்பிக் கெடுபவர்கள் இன்னொரு அடியைத் தாங்க முடியாத குடும்பங்கள். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

“கவர்மென்ட்டே வீட்டைக் கட்டிக் கொடுத்துரும்”

எல்லாத் தவறுக்கும் வேர் இதுதான். வரிசையாக எழும்பிய தொகுப்பு வீடுகளையும், 1990-களின் இறுதியில் தொடங்கிய சமத்துவபுரங்களையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் இன்றைய திட்டங்களில் வீட்டைக் கட்டுவது பயனாளியின் குடும்பம். கொத்தனாரைப் பேசுவது, மணல் இறக்குவது, சென்ட்ரிங் பலகை வாடகைக்கு எடுப்பது எல்லாம் அவர்கள் பாடு. பிரதமர் திட்டத்தில் ஒப்பந்தக்காரரை அமர்த்தவே கூடாது என்று விதி இருக்கிறது.

அரசு தருவது பணம். அதுவும் தவணை தவணையாக. தமிழ்நாட்டு நடைமுறையில் பேஸ்மட்டம் எழும்பினால் ஒரு தவணை, லிண்டல் மட்டம் வந்தால் ஒன்று, தளம் போட்டால் ஒன்று, பூச்செல்லாம் முடிந்து வீடு முழுமையானால் கடைசித் தவணை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றியத்திலிருந்து ஓவர்சீயர் வந்து, பயனாளியைச் சுவர் பக்கத்தில் நிறுத்திக் கைபேசியில் படம் எடுப்பார். எந்த இடத்தில் எடுத்தது என்ற விவரத்தோடு அந்தப் படம் கணினியில் ஏறும். அதற்குப் பிறகுதான் வங்கிக் கணக்குக்குப் பணம். ஒன்றியத்தில் சிமென்ட்டும் கம்பியும் வாங்கியிருந்தால் அதன் விலையைக் கழித்துக்கொண்டு மீதி வரும்.

அதாவது வேலை முன்னால் போகும், பணம் பின்னால் வரும். அஸ்திவாரத்துக்கான கல்லும் மண்ணும் கூலியும் முதலில் நம் கையிலிருந்து போக வேண்டும். இதை முன்கூட்டிச் சொல்ல ஆளில்லாததால்தான், பணி ஆணை கைக்கு வந்த மறுநாளே குடிசையைப் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். பிறகு கைக்காசு இல்லாமல் வேலை நிற்கும். ஐப்பசி மழையில் தார்ப்பாய்க்குக் கீழே பிள்ளைகளோடு கிடப்பார்கள். பணி ஆணை வந்தாலும், அஸ்திவாரச் செலவுக்கு வழி செய்யும்வரை குடிசையில் கை வைக்காதீர்கள். முடிந்தவரை தை, மாசியில் வேலையைத் தொடங்குங்கள். மழைக்கு முன் தளம் போட்டுவிடலாம்.

“கட்டுறதுதான் கட்டுற, இன்னொரு ரூமும் சேர்த்துப் போட்டுரு”

இதைக் கொத்தனார் சொல்வார், மச்சான் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். யாரும் பணம் தர மாட்டார்கள்.

கனவு இல்லத்துக்கு வகுத்த குறைந்தபட்ச அளவு, சமையலறை உட்பட 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் தளம். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். பிரதமர் திட்டத்தில் குறைந்தபட்சம் 25 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 269 சதுர அடி. மானியத் தொகை இந்தச் சிறிய அளவை மனதில் வைத்து நிர்ணயித்தது. அளவைக் கூட்டினால் தொகை கூடாது.

500, 600 சதுர அடிக்கு வானம் தோண்டிவிட்டு லிண்டலோடு நின்றுபோன வீடுகளைப் பல ஊர்களில் பார்க்கலாம். ஜன்னல் ஓட்டை வழியே கருவேலம் வளர்ந்திருக்கும், துருப்பிடித்த கம்பி வானத்தைப் பார்த்து நிற்கும். தளம் போடாததால் அடுத்த தவணை வராது. தவணை வராததால் தளம் போட முடியாது. வயசுக்கு வந்த மகளுக்குத் தனியாக ஓர் அறை வேண்டும் என்று ஒரு தாய் ஆசைப்படுவதில் குற்றமே இல்லை. 300 சதுர அடியில் ஐந்து பேர் வாழ வேண்டும் என்பதை நியாயம் என்று நானும் சொல்ல மாட்டேன். 2010-ல் கலைஞர் வீட்டு வசதித் திட்டத்தில் 75,000 ரூபாய், 2011-ல் பசுமை வீட்டுக்கு 1.80 லட்சம், இப்போது 3.50 லட்சம் என்று தொகை ஏறியதைப் போல வீட்டின் அளவு வளரவில்லை. அந்த அளவைக் கூட்டச் சொல்லி அரசிடம் கேட்போம். அதுவரை, முதலில் வானம் தோண்டும்போதே மாடிப்படிக்கு இடம் விட்டு, சிறிய வீட்டை முழுதாக முடிப்பதுதான் புத்திசாலித்தனம். இரண்டாவது அறையைப் பத்து வருடம் கழித்து மேலே போட்டுக்கொள்ளலாம். கந்துவட்டிக்கு வாங்கிப் போட்ட அறையில் நிம்மதியாகத் தூங்க முடியாது.

“இது லோன், பின்னாடி திருப்பிக் கேப்பாங்க”

கேட்க மாட்டார்கள். இது மானியம். இந்தக் குழப்பம் நகரத்திலிருந்து வந்தது: அங்கே வங்கியில் வீட்டுக் கடன் வாங்குகிறவர்களுக்கு வட்டியில் ஒரு பகுதியை அரசு ஏற்கும் பிரிவு ஒன்று உண்டு. அதில் கடன் உண்டு, தவணை கட்டியாக வேண்டும். ஊரகத் திட்டத்திலும் விரும்பினால் 70,000 ரூபாய் வரை வங்கிக் கடனுக்கு வழி இருக்கிறது. வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

“வண்டி இருந்தா பேரை எடுத்துருவாங்க”

இது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. பிரதமர் திட்டத்தில் இருசக்கர மோட்டார் வண்டி, குளிர்பதனப் பெட்டி, தரைவழித் தொலைபேசி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் தகுதி போய்விடும். 2024-ல் இந்த மூன்றையும் நீக்கிவிட்டார்கள். குடும்பத்தில் ஒருவரின் மாத வருமான வரம்பையும் 10,000-லிருந்து 15,000 ரூபாயாக உயர்த்தினார்கள். மூன்று, நான்கு சக்கர வண்டி, அரசு வேலை, வருமான வரி, இரண்டரை ஏக்கர் பாசன நிலம் ஆகிய தடைகள் அப்படியே இருக்கின்றன. கட்டட வேலைக்குப் போக ஒரு பழைய டி.வி.எஸ். வைத்திருக்கிறவர், அதைக் காரணம் காட்டி ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

“பிரதமர் வீடுன்னா மொத்தப் பணமும் டெல்லியில இருந்து வருது”

கணக்கைப் பாருங்கள். சமவெளிப் பகுதியில் மத்தியத் திட்டத்தின் வீட்டுத் தொகை 1.20 லட்சம் ரூபாய். அதில் 60 சதவீதமான 72,000 ரூபாய் மத்திய அரசின் பங்கு. 48,000 மாநிலத்தின் பங்கு. இந்தத் தொகையில் காங்கிரீட் தளம் போட முடியாது என்பதால், தமிழ்நாடு அரசு கூரைக்கென்று மேலும் 1.20 லட்சம் தன் நிதியிலிருந்து சேர்த்தது. ஆக 2.40 லட்சத்தில் மாநிலம் போடுவது 1.68 லட்சம். கழிப்பறைக்கு 12,000 ரூபாயும், நூறு நாள் வேலைத் திட்டத்தில் 90 நாள் கூலியும் தனியாகச் சேர வேண்டும் என்பதும் திட்டத்தில் வகுத்ததுதான். வீடு கட்டிய பலருக்கு இந்தக் கூலி தங்களுக்கு உரியது என்றே தெரியாது. கேட்டு வாங்குங்கள்.

“பட்டாவெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்”

பார்த்துக்கொள்ள முடியாது. கனவு இல்லத்துக்குச் சொந்த மனையும் பட்டாவும் அவசியம். பட்டியலில் பெயர் இருந்தும் வீடு கைநழுவிப் போகும் இடம் பெரும்பாலும் இதுதான். பட்டா இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கும். அல்லது நான்கு பங்காளிகளின் கூட்டுப் பட்டாவாக இருக்கும். ஒருவர் திருப்பூரில் இருப்பார், இன்னொருவர் பேச்சுவார்த்தையில் இருக்க மாட்டார். வீட்டுக்காரரை இழந்த பெண் வாரிசுச் சான்று வாங்குவதற்குள் அந்த ஆண்டு ஒதுக்கீடு முடிந்துவிடும். பணி ஆணைக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே இ-சேவை மையத்தில் பெயர் மாற்றத்துக்கு மனுப் போட்டு வையுங்கள்.

ஏரி, குளம், ஓடைப் புறம்போக்கில் இருப்பவர்களுக்கு யார் வாக்குக் கொடுத்தாலும் அந்த இடத்தில் பட்டா கிடைக்காது. அவர்கள் கேட்க வேண்டியது மாற்று இடத்தில் இலவச வீட்டுமனைப் பட்டா. நிலமற்ற பயனாளிக்கு மனை கிடைக்கச் செய்வது மாநில அரசின் பொறுப்பு என்று பிரதமர் திட்டத்தின் வழிகாட்டு நெறியே சொல்கிறது. மனுவில் இதைக் குறிப்பிட்டு எழுதலாம்.

பேரூராட்சியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊர் பார்க்கக் கிராமம் போலவே இருக்கலாம். திட்டக் கணக்கில் அது நகர்ப்புறம். ஒன்றிய அலுவலகத்துக்கு நடந்து பயனில்லை. நகர்ப்புறத் திட்டத்துக்குப் பேரூராட்சி அலுவலகத்தில்தான் விசாரிக்க வேண்டும்.

“காசு கொடுத்தாத்தான் லிஸ்ட்ல பேரு ஏறும்”

லஞ்சமே இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் பணம் கேட்டு வருகிறவரால் என்ன செய்ய முடியும் என்று யோசித்துப் பாருங்கள். பிரதமர் திட்டத்தின் பட்டியல் 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்தும், விடுபட்டவர்களுக்காக 2018-ல் தொடங்கிய கூடுதல் கணக்கெடுப்பிலிருந்தும் உருவானது. கனவு இல்லத்தின் பட்டியல் குடிசைக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தது. இரண்டுமே கிராம சபை முன்னால் வர வேண்டும். இடைத்தரகர் பெரும்பாலும் தேடி வருவது ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரைத்தான். வரப்போகிற பணத்தைத் தான் வாங்கித் தந்ததாகச் சொல்லி அதில் பங்கு கேட்பார். மனுவுக்கோ பணி ஆணைக்கோ கட்டணம் எதுவும் கிடையாது.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். பயனாளிகள் பட்டியலை முழுதாக, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மாடி வீட்டுக்காரர் பெயர் அதில் வந்தால் எழுந்து ஆட்சேபம் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் அதைப் பதியச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் ஓலைக்குக் கீழே தனியாகக் கிடக்கும் பாட்டியின் பெயர் விடுபட்டிருந்தால் அவருக்காகவும் நீங்களே எழுந்து கேளுங்கள். அவரால் கூட்டத்துக்கு நடந்து வர முடியாது.