வெயிலூரில் உடுப்பு: வெளிநாட்டு மாணவர்களுக்கு நான் சொல்வது

மந்தைவெளியில் என் வீட்டு மாடியில் வெளிநாட்டினருக்குப் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் கார் தொழிற்சாலைகளுக்கு மாற்றலாகி வந்த கொரிய, ஜப்பானியக் குடும்பத்தினர், கலாக்ஷேத்திராவில் நடனம் பயில்பவர்கள், கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்துக்கு வரும் ஐரோப்பியர்கள், அடையாறு பிரம்மஞான சபையில் தங்கிப் படிப்பவர்கள் என்று பலரும் வருகிறார்கள். முதல் வாரங்களில் இலக்கணத்தைவிட அதிகமாக அவர்கள் கேட்பது உடையைப் பற்றித்தான். “டீச்சர், இந்த வெயில்ல என்ன போடறது?” அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்குள் ஒரு பாடத்திட்டம் உருவாகிவிட்டது. புதிதாக வருபவர்களுக்கும், அவர்களுக்கு வீடு வாடகைக்கு விடுபவர்களுக்கும், அலுவலகத்தில் அவர்களோடு பழகுபவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

குறைத்து உடுத்தினால் குளிராது

வருகிறவர்களின் பெட்டியில் பெரும்பாலும் இருப்பவை கையில்லாத பனியன், அரை டிராயர், உடம்பைப் பிடிக்கும் லெகிங்ஸ், ஓட்டப் பயிற்சிக்கான பாலியெஸ்டர் டி-சர்ட். வெயில் நாடென்றால் துணியைக் குறைக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஐரோப்பாவின் கோடையில், மாலையில் தென்றல் வீசும் ஊரில், அந்தக் கணக்கு சரிதான். சென்னையில் அது செல்லாது.

இங்கே வெயிலோடு புழுக்கமும் சேர்ந்தே வரும். வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாமல் வழியும். கத்திரி நாட்களில் மேற்கிலிருந்து அடிக்கும் அனல்காற்று கடற்காற்றைப் பிற்பகல்வரை உள்ளே விடாது. 2003 மே மாதக் கடைசியில் மீனம்பாக்கத்தில் 45 டிகிரி வரை போனதற்கும் அப்படிப்பட்ட காற்றுதான் காரணம். இந்த ஊரில் உடம்புக்கு வேண்டியவை இரண்டு: வெயில் நேரே தோலில் படாத நிழல், துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று ஓடும் இடைவெளி. முழங்கை தாண்டிய கையும் கணுக்கால் வரை இறங்கும் தொளதொள பேன்ட்டும் இரண்டையும் தரும். திறந்த தோளுக்கு இரண்டுமே கிடையாது. அதுவும் டூவீலரில் பின்னால் உட்கார்ந்து மதிய வெயிலில் கிரீன்வேஸ் சாலையைக் கடந்தால், அன்றிரவே தோள் எரியத் தொடங்கிவிடும்.

நூலும் முக்கியம். சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைத் தனக்குள் வாங்கி வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. எலியட்ஸ் கடற்கரையில் விடியற்காலை ஓடுகிறவருக்கு பாலியெஸ்டர் பனியன் பரவாயில்லை, காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். அதையே நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு ஆட்டோவிலும் கடைத்தெருவிலும் திரிந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு நாறும். இறுக்கமான ஜீன்ஸும் அப்படித்தான். தொடையிடுக்கில் வேர்க்குரு, பிறகு படர்தாமரை என்று என் மாணவர்களில் பலர் தோல் மருத்துவரிடம் போனதற்குப் பின்னால் இருந்தது ஜீன்ஸ்தான். தொளதொள பருத்தி பேன்ட்டுக்கு மாறியதும் அந்த மருத்துவச் செலவு நின்றது.

வந்தவர்கள் கற்ற ஊர்

இதைப் புதிதாக நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1639-ல் இந்தக் கரையைத் தேர்ந்ததே இங்கே பருத்தித் துணி நல்லதாகவும் மலிவாகவும் கிடைத்ததால்தான். நூறாண்டு கழித்து நெசவாளர்களைக் குடியேற்றி சிந்தாதிரிப்பேட்டையையே உருவாக்கினார்கள். 18-ஆம் நூற்றாண்டுக் கம்பெனிக்காரர்கள் வீட்டில் இருக்கும்போது தளர்ந்த பருத்தி அங்கியும் பைஜாமாவும் அணிந்தார்கள். பின்னால் வந்தவர்கள்தான் ஆளும் மிடுக்குக்காக கோட்டையும் கழுத்துப்பட்டையையும் விடாமல் பிடித்துக்கொண்டு அவதிப்பட்டார்கள். அதே காலத்தில் அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசன்ட் வெள்ளை நிறத்தில் நம்மூர்ப் பாங்கில் உடுத்தினார். ஊரோடு ஒன்றிப்போக நினைத்தவர்களுக்கு ஊர் உடுப்பு சுகமாகவே இருந்திருக்கிறது.

மாலுக்கு முன்னால் தையல்கடை

ரெடிமேடில் வெளிநாட்டினருக்கு இரண்டு சிக்கல். உயரத்துக்கு அளவு கிடைக்காது. கிடைத்தாலும் தோளும் கையும் இறுக்கும். அதனால் வந்த முதல் வாரத்திலேயே அவர்களைத் துணிக்கடைக்கும் அங்கிருந்து தையல்கடைக்கும் கூட்டிப்போகிறேன். கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளைச் சுற்றியுள்ள சந்துகளில் தையல்காரர்களுக்குக் குறைவில்லை. நான் வழக்கமாகப் போகும் கடையில் ஒரு ஜெர்மன் மாணவி பேசிய அன்று, வகுப்பில் பழகிய வாக்கியங்கள் அத்தனையும் அப்படியே வந்து விழுந்தன.

“ஷேப் வச்சுத் தைக்கட்டுமாம்மா?”

“வேணாண்ணே. லூசா தைங்க. அக்குள்ல பிடிக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் பாக்கெட் வேணும்.”

“லைனிங்?”

“வெள்ளைக்கு மட்டும். காட்டன் லைனிங் போடுங்க.”

இந்த நாலு வரியில் வெயிலுக்கான தையல் முழுதும் அடங்கிவிட்டது. அக்குளிலும் ஆர்ம்ஹோலிலும் தளர்வு இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல துணியும் பயன்படாது. மெல்லிய வெள்ளைத் துணிக்கு லைனிங் வேண்டும். அது பாலியெஸ்டராக இருந்தால் மேலே பருத்தி போட்டும் பலனில்லை, ஆகவே காட்டன் என்று சொல்லிக் கேட்க வேண்டும். டாப்ஸுக்கு சைடு ஓப்பன் சற்று உயரமாக இருந்தால் நடக்கும்போது காற்று புகும்.

இன்னும் சில குறிப்புகள்:

தைக்கக் கொடுக்கும் முன் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துங்கள். பருத்தி சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் ஆல்ட்டர் செய்ய இடமிருக்காது.

உடம்புக்குச் சுகமாக இருக்கும் பழைய சட்டை ஒன்றை அளவுக்குக் கொடுங்கள். டேப்பில் எடுக்கும் அளவைவிட அது நம்பகமானது.

கைத்தறித் துணியில் பன்னா குறைவாக இருக்கலாம். உயரமானவர்கள் கூடுதலாக அரை மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று மட்டும் தைத்து, இரண்டு முறை துவைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றைக் கொடுங்கள்.

எந்தத் துணி, எங்கே

1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ்தான் என் முதல் பரிந்துரை. தமிழகத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் துணி அங்கே ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். தீபாவளி சமயத்தில் 30 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. அண்ணா சாலை காதி பவனில் கதர் சட்டைத் துணி வாங்கலாம். தி.நகருக்குப் போனால் பாண்டி பஜாரில் நிதானமாக நடந்து பார்க்கலாம். 2019-ல் நடைபாதையை அகலப்படுத்தியபின் குழந்தைகளோடு போவதற்கும் வசதி. ரங்கநாதன் தெருவை வார நாளில் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

கடையில் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊடும் பாவும் லேசாகத் தெரிந்தால் காற்று போகும். கைக்குள் கசக்கிப் பாருங்கள். கசங்கினால் பருத்தி. கசங்கவே இல்லையென்றால் கலப்பு நூலாக இருக்கலாம். கசங்குவதைக் குறையாக எண்ண வேண்டாம். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் அதைச் சரிசெய்துவிடுவார். தினசரிச் சட்டைக்குக் கஞ்சி மட்டும் போடாதீர்கள், துணியின் கண்களை அது அடைத்துவிடும்.

நிறத்துக்கு வருவோம். கட்டமோ பூவோ இல்லாத சாம்பல், வெளிர்நீலத் துணியில் வியர்வைத் திட்டு பளிச்சென்று தெரியும். கட்டம், கோடு, சின்னப் பூ எல்லாம் அதை மறைக்கும். வெள்ளை குளிர்ச்சிதான். ஆனால் பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் போர் தண்ணீரில் துவைத்தால் சீக்கிரமே மஞ்சளடித்துவிடும். கடைசி அலசலுக்கு மெட்ரோ வாட்டர் ஒரு வாளி ஒதுக்கச் சொல்வேன்.

கட்டம் போட்ட துணி என்றதும் அமெரிக்க மாணவர்கள் முகம் மலரும். அவர்கள் ஊரில் இப்படிக் கட்டம் போட்ட கோடைச் சட்டைக்கு மெட்ராஸ் என்றுதான் பெயர். 1958-ல் இங்கிருந்து போன கட்டத் துணியில் தைத்த சட்டைகளை புரூக்ஸ் பிரதர்ஸ் கடை விற்றது. குளிர்ந்த தண்ணீரில் தனியே துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சாயம் கலந்து புகார்கள் குவிந்தன. பிறகு சாயம் போவதையே அதன் சிறப்பென்று விளம்பரம் செய்தார்கள், துணியும் புகழ்பெற்றது. அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: கைத்தறியின் முதல் துவைப்பு எப்போதும் தனி வாளியில்.

இடத்துக்கு ஏற்ப

எலியட்ஸ் கடற்கரையில், பூங்காவில், ஜிம்மில் அரை டிராயரை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். வங்கி, பள்ளிக்கூடம், வீட்டுக்காரர் வீடு ஆகிய இடங்களுக்கு முழு பேன்ட்தான் மரியாதை. கபாலீசுவரர் கோயிலுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். கோயில் உடை விதி ஒன்று நீதிமன்ற உத்தரவால் 2016 தொடக்கத்தில் சில நாட்கள் நடைமுறையில் இருந்து பிறகு தடைபட்டது. எழுதிய விதியைவிடப் பக்கத்தில் நின்று கும்பிடுகிற பாட்டியின் மனசைப் பார்த்து உடுத்துங்கள் என்பேன். செருப்பை வெளியே விட வேண்டும். பகல் பதினொன்றுக்கே பிராகாரத்துக் கல் பாதத்தைப் பொசுக்கும். காலை எட்டுக்குள் அல்லது மாலையில் போங்கள்.

வேட்டி ஆண்களுக்கு அருமையான உடை. கட்டத் தெரியாதவர்களுக்கு ஒட்டிக்கோ வேட்டி இருக்கிறது. நீதிபதி ஒருவர் வேட்டியில் வந்ததால் 2014-ல் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்க மன்றத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. அதே ஆண்டு, வேட்டி கட்டியவரை இப்படித் தடுக்கக் கூடாது என்று தமிழக அரசு சட்டமே கொண்டுவந்தது. ஆகவே தைரியமாகக் கட்டலாம். கைலி மட்டும் வீட்டுக்கும் தெருமுனைக்கும் உரியது. கல்யாணத்துக்கோ சபாவுக்கோ கைலியில் போகக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவேன். நைட்டியும் அதே வகை. கீரைக்காரம்மாவிடம் வாங்க இறங்கும்போது மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் சரி, அதற்கு மேல் போவதில்லை.

மார்கழியில் காலைக் குளிர் இதமாக இருக்கும். சபாக்களில் மெல்லிய கைத்தறிப் புடவை பட்டுக்குச் சமமாக மதிக்கப்படும். கலாக்ஷேத்திரா மாணவிகள் பயிற்சிக்கே பருத்திப் புடவை கட்டிப் பழகுவதால், புடவை கட்டிக்கொள்ள நினைக்கும் மற்ற வெளிநாட்டுப் பெண்களுக்கு அவர்களே நல்ல ஆசிரியைகள்.

ஏசி அறைகளை மறந்துவிடாதீர்கள். வியர்த்து நனைந்த சட்டையோடு அலுவலகத்திலோ சினிமா தியேட்டரிலோ உட்கார்ந்தால் சளி பிடிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சளி இருக்கட்டும், நடுக்கம் நிச்சயம். பையில் ஒரு பருத்தித் துப்பட்டாவும் மாற்றுச் சட்டையும் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த ஜீன்ஸ் நாளெல்லாம் காயாது. முக்கால் பேன்ட்டும் ரப்பர் செருப்பும் போதும். தோல் ஷூவையும் பெல்ட்டையும் பூட்டிய பீரோவில் வைத்தால் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும்.

நமக்கும் ஒரு வார்த்தை

இந்த ஆலோசனைகளை நான் உடம்பின் சுகத்துக்காகவும் ஊரோடு பழகும் இணக்கத்துக்காகவும் சொல்கிறேன். ஒரு பெண் கையில்லாத சட்டை போட்டிருக்கிறாள் என்பதால் அவளை முறைத்துப் பார்க்க எவருக்கும் உரிமை கிடையாது. என் மாணவிகள் பேருந்திலும் கடற்கரையிலும் பட்ட சங்கடங்களைச் சொல்லும்போது மனசு வலிக்கிறது. முழுக்கை சுடிதாரில் போனவர்களுக்கும் அது நடந்திருக்கிறது. தவறு பார்த்தவர்களுடையது, உடையினுடையது இல்லை. இதை அவர்களிடம் ஒவ்வொரு முறையும் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் தளர்ந்த சட்டையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறேன்.

உங்கள் மாடிக்கு ஒரு வெளிநாட்டுக் குடும்பம் குடிவந்தால் இரண்டு உதவி செய்யுங்கள். உங்கள் தையல்காரரை அறிமுகப்படுத்துங்கள். கைத்தறிக் கடைக்கு ஒரு தடவை கூடவே போய் வாருங்கள். மூன்று பருத்தி டாப்ஸ் அல்லது சட்டை, இரண்டு தொளதொள பேன்ட், ஒரு துப்பட்டா, ஒரு வேட்டி, ஒரு ரப்பர் செருப்பு: சென்னையின் முதல் கோடையைக் கடக்க ஒருவருக்கு இவ்வளவு போதும். அதற்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு நெசவாளரிடமும் ஒரு பங்கு சந்துக்குள் மிஷின் ஓட்டுகிறவரிடமும் போய்ச் சேரும்.