படிப்பு மேசைக்கு எந்த பல்பு?

பிளஸ் டூ பரீட்சை நெருங்கினால் தூத்துக்குடி திரேஸ்புரத்துப் பிள்ளைகள் மேசை விளக்கு வாங்கக் கிளம்பிவிடுவார்கள். ஒருவன் கூட்டாளி வாங்கியதையே வாங்குகிறான். இன்னொருத்தி, "வெள்ளை லைட்டுன்னாத்தான் தூக்கம் வராது" என்று அப்பா சொன்னதை வாங்குகிறாள். உள்ளே எரியும் பல்பு எது என்று யாரும் பார்ப்பதில்லை.

குண்டு பல்பில் புற ஊதாக் கதிர் மிகக் குறைவு. ஆனால் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே போய்விடும். 2015-ல் அரசின் உஜாலா திட்டம் வந்தபின் மலிந்துவிட்ட எல்.இ.டி.யில், நீல ஒளி தரும் சில்லின்மேல் மஞ்சள் பூச்சு கொடுத்து வெள்ளையாக்குகிறார்கள். புற ஊதா ஏறக்குறைய இல்லை.

என் பயமெல்லாம் பரணில் மிச்சமிருக்கும் சுருள் சி.எஃப்.எல். மேல்தான். "நல்லா உழைக்கும்" என்று பெரியவர்கள் அதைத்தான் எடுத்து மாட்டுகிறார்கள். அந்தக் குழாய்க்குள் இருப்பது பாதரச ஆவி. மின்சாரம் பாய்ந்ததும் அது முக்கியமாக 254 நானோமீட்டர் புற ஊதாவை உமிழும். உட்புறம் பூசிய பாஸ்பர்தான் அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது. பூச்சில் விரிசல் விட்டால் கொஞ்சம் வெளியே கசியும். 2012-ல் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடையில் வாங்கிய பல்புகளிலேயே இதை அளந்து காட்டினார்கள். அதற்கு முன்பே, 2008-ல், பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை எச்சரித்திருந்தது: வெளிக்கூடு இல்லாத சி.எஃப்.எல்.லுக்கு 30 சென்டிமீட்டருக்குள் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். மோட்டில் தொங்குகிற பல்புக்கு இந்தக் கவலை இல்லை. மேசை விளக்கோ கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி எரிகிறது. மேலே இன்னொரு கண்ணாடிக் கூடு போட்ட உருண்டை வகை பரவாயில்லை.

சங்கு குளிப்பவர்களும் உப்பளத்துக்காரர்களும் நாளெல்லாம் வாங்கும் வெயிலோடு பார்த்தால் இந்தக் கசிவு சொற்பம்தான். கண்ணில் சதை வளர அந்த வெயிலின் புற ஊதாவும் ஒரு முக்கியக் காரணம். ஆனால் தொழிலுக்குப் போகிறவருக்கு வெயிலை விட்டால் வழியில்லை, பல்பை மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

எனக்கு 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சம்தான் பிடிக்கும், மறைக்கவில்லை. ராத்திரியில் நீலம் கூடிய ஒளி தூக்கத்தைத் தள்ளிப்போடும். தூக்கம் கெட்டுப் படித்தது பரீட்சை ஹாலில் நிற்பதில்லை. எது தன் கண்ணுக்கு ஒத்துவருகிறது என்று பிள்ளைகள் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பாடப்பிரிவு எடுப்பதிலும், அடுத்தவரைப் பார்த்து முடிவெடுக்கும் இதே அவசரம்தான். பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான் என்று, நீவாடு (கடல் நீரோட்டம்) பார்த்து வல்லம் (படகு) விடத் தெரிந்தவனும் கம்ப்யூட்டர் சயின்ஸில் போய் விழுகிறான். அவனுக்கேற்ற மீன்வளக் கல்லூரி இதே தூத்துக்குடியில்தான் இருக்கிறது.

கழற்றிய சி.எஃப்.எல்.லைக் கடற்கரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. கடலில் சேரும் பாதரசம் மீன் வழியாகச் சோற்றுத் தட்டுக்கே வரும். உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கால்மணி நேரம் வெளியே இருங்கள். விளக்குமாறு வேண்டாம். கெட்டி அட்டையால் அள்ளி, மிச்சத் தூளை ஒட்டுநாடாவில் ஒற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.