காட்பாடியிலிருந்து ஒரு மெட்டல் ஆல்பம்: எழுதுவது முதல் வெளியிடுவது வரை

காட்பாடியில் இசைக்குழு தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். அவர்கள் முதலில் எடுக்க வேண்டியது காலண்டர். இங்குள்ள வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பி.டெக். நான்கு வருடம். எட்டாவது செமஸ்டர் முடிந்ததும் டிரம்மர் பெங்களூருக்கும் பாடகர் ஹைதராபாத்துக்கும் பேஸ் வாசிப்பவர் வெளிநாட்டுக்கும் போய்விடுவார்கள். முதல் வருடம் ஒருவரோடொருவர் பழகுவதிலேயே கரைந்துவிடும். ஆகவே எல்லாப் பாடல்களும் ஆறாவது செமஸ்டருக்குள் டெமோ வடிவில் முடிந்திருக்க வேண்டும். ட்ரீம் தியேட்டர் 1985-இல் பாஸ்டனின் பெர்க்லீ இசைக் கல்லூரியில் மூன்று மாணவர்கள் தொடங்கிய குழு. அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்த ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’ வந்தது 1992-இல்தான். ப்ரோக்ரசிவ் மெட்டல் அவ்வளவு நேரம் கேட்கும்.

குழு பிரிந்துவிட்டால் ஆல்பமும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. டெல்லியைச் சேர்ந்த கேஷவ் தர் தன் வீட்டில் கிடாரை வைத்துத் தனியாகத் தொடங்கியதுதான் ஸ்கைஹார்பர். டிரம்ஸுக்கு அமெரிக்காவிலிருந்து அனூப் சாஸ்திரி. பாடுவதற்கு இங்கிலாந்திலிருந்து டேனியல் டாம்ப்கின்ஸ். உறுமலுக்கு மும்பை பயானக் மௌத் குழுவின் சுனீத் ரேவங்கர். இப்படிச் சேர்ந்த இரட்டை ஆல்பம் 2012-இல் ‘ப்ளைண்டிங் ஒயிட் நாய்ஸ்’ என்ற பெயரில் வெளிவந்தது. 2014-இல் வந்த ‘கைடிங் லைட்ஸ்’ ஆல்பத்துக்கு ரசிகர்களே முன்கூட்டிப் பணம் போட்டார்கள். குவாஹாட்டியின் விஷால் ஜே. சிங்கும் அமோக் சிம்பொனி என்ற பெயரில் அதே பாணியில் வேலை செய்தவர். கூடி வாசிக்கும் அறை இல்லாவிட்டாலும் ஆல்பம் பிறக்கும். தீர்மானமான டெமோ மட்டும் இல்லாமல் பிறக்காது.

கருவைத் தேர்ந்தெடுங்கள்

ப்ரோக்ரசிவ் மெட்டலில் ஏழெட்டுப் பாடல்களும் ஒரே கதையையோ கருவையோ சுற்றி வருவது வழக்கம். சிங்கப்பூரில் 1992-இல் தொடங்கிய ருத்ரா குழு வேதாந்தத்தை எடுத்துக்கொண்டு, பல ஆல்பங்களாக அதையே விரித்துச் சொன்னது. உங்களுக்குக் கரு தேடி வெளியே போக வேண்டாம். நந்தி மலையில் பிறந்து, ஆந்திரா வழியாக வந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று மணலாகவே கடந்துபோய், கல்பாக்கம் பக்கத்தில் கடலைத் தொடும் பாலாறு இருக்கிறது. அதில் கலந்த தோல் பதனிடும் ஆலைக் கழிவுநீர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் கொடுத்த தீர்ப்பில் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதியாக உறுதிப்பட்டது. வழக்குத் தொடுத்தது வேலூர் குடிமக்கள் நல மன்றம். அதே ஆற்றுக்காக 2025 ஜனவரியிலும் அந்த நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. மலை, மணல், தோல், நீதிமன்றம், கடல் என்று பாடல் வரிசை தானாகவே அமைகிறது.

இந்தக் கருவை எடுத்தால் ஒரு கடமையும் கூடவே வரும். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று இந்த வட்டாரத்தில் லட்சக்கணக்கானவர்களுக்குத் தோலும் ஷூவும்தான் சோறு. தோல் ஷாப் என்று சொல்லப்படும் பதனிடும் ஆலைகளில் வேலை செய்கிறவர்களோடு உட்கார்ந்து பேசாமல் அவர்களைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள். அனுமதி கிடைத்தால் போனிலேயே அந்த இடத்தின் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆளுயரத்தைத் தாண்டிய மரப் பீப்பாய்கள் மெதுவாகச் சுழலும். ஊறிய தோல்கள் உள்ளே மேலே ஏறி, தண்ணீரோடு சேர்ந்து தொப்பென்று விழும். சீரான இடைவெளியில் விழும் அந்தச் சத்தத்துக்குத் தமிழ்நாட்டில் இதுவரை யாரும் ரிஃப் எழுதியதாகத் தெரியவில்லை. அதன் வேகத்தை அளந்து, முதல் பாடலின் வேகத்தை அதிலிருந்தே எடுக்கலாம்.

தாளத்தை வாயால் சொல்லிப் பழகுங்கள்

கிடாரைக் கையில் எடுப்பதற்கு முன்பு சொல்கட்டு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த விஷயத்தில் பெரிய சொத்து கையிலேயே இருக்கிறது, பலர் அதைத் தொடுவதில்லை. தகிட என்றால் மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து, தகிட தகதிமி ஏழு. மிருதங்கம் கற்கிற சின்னப் பையனுக்குத் தெரிந்த கணக்கு இது. ஸ்வீடனின் மெஷுகா குழுவைக் கேட்டு மிரண்டுபோகிறவர்கள், அதன் அடிப்படை இதே கணக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். கிடார் ஒற்றைப்படையில் சுழலும், டிரம்ஸின் சிம்பல் நான்கிலேயே நிற்கும்.

செய்து பார்க்கலாம். நாலு எண்ணிக்கை கொண்ட ஒரு பாருக்கு, எண்ணிக்கைக்கு நான்கு வீதம், 16 மாத்திரை. நான்கு பாருக்கு 64. உங்கள் ரிஃப் ஏழு மாத்திரை: தகிட தகதிமி. அதை ஒன்பது முறை வாசித்தால் 63, ஒரு மாத்திரை மிச்சம். அதை என்ன செய்வது? முதல் எட்டு முறை ஏழாகவே வாசியுங்கள். ஒன்பதாவது முறை தகிடவைத் தகதிமியாக நீட்டி எட்டாக்குங்கள். 56-உம் 8-உம் 64, சரியாகச் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், வந்து விழும். கேட்கிறவருக்கு நான்கு பார் முழுக்கக் கால் இடறிக்கொண்டே இருந்து, கடைசியில் தரை கிடைக்கும்.

பாடலின் பெரிய திருப்பத்துக்குக் கோர்வை வையுங்கள். இரண்டு பாருக்கு 32 மாத்திரை. எட்டு மாத்திரைச் சொற்றொடர் ஒன்றை மூன்று முறை வாசித்து, நடுவில் நான்கு மாத்திரை வீதம் இரண்டு கார்வை (இடைவெளி) விட்டால் 24-உம் 8-உம் 32. அந்தக் கார்வைகளில் கிடார் முழுமையாக அடங்கட்டும். மெட்டலில் மௌனத்துக்கு உள்ள கனம் பத்து ரிஃபுக்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து. குழுவில் எல்லாரும் கையால் தாளம் போட்டபடி வாயால் தடுமாறாமல் சொன்ன பிறகே கருவியில் வாசிக்க வேண்டும். சொல்ல முடியாததை வாசிக்க முயன்றால், ஒலிப்பதிவில் அது பிசிறாகவே வெளிப்படும்.

ராகத்தில் அதிகம் சிரமமில்லை. மேற்கத்திய ஹார்மோனிக் மைனர் நம் கீரவாணி. நடபைரவி இயல்பான மைனர். ஃப்ரிஜியன் என்பது தோடி. கனமான ரிஃபுக்குச் சிம்மேந்திரமத்யமமும் சண்முகப்ரியாவும் நன்றாக ஒத்துழைக்கும், பிரதி மத்யமம் கொடுக்கும் உறுத்தல் அப்படி. ஆனால் சுரவரிசையை ஏறி இறங்கினால் மட்டும் ராகம் வந்துவிடாது. அதன் பிடிகளை ஒரு பாட்டு வாத்தியாரிடம் கேட்டு, ஸ்டிரிங்கை வளைத்துக் கமகம் பிடிக்கப் பழகுங்கள். இந்த வழியில் முன்னே போனவர்களைத் தெரிய பெங்களூருவின் அகம், ப்ராஜெக்ட் மிஸ்ரம் இரண்டையும் கேளுங்கள்.

வரிகள்

தமிழில் எழுதுங்கள். உறுமலுக்கு வல்லினம் போல ஒத்துழைப்பது வேறில்லை. க, ட, த, ப, ற எல்லாம் கிக் டிரம்மோடு சேர்ந்து இடிக்கும். இழுத்துப் பாட வேண்டிய இடத்தில் ஆ, ஓ, ஏ போன்ற நெடில் வருகிற சொல்லை வையுங்கள். குறிலில் முடியும் சொல்லை நான்கு எண்ணிக்கைக்கு இழுத்தால் சொல்லே மாறிவிடும், கேட்கிறவருக்குப் புரியாது. வரியை எழுதியதும் மெட்டு இல்லாமல் ரிஃபின் மேல் பேசிப் பாருங்கள். பேசும்போது சிக்கினால் பாடும்போதும் சிக்கும்.

டெமோ

ரீப்பர் சாஃப்ட்வேரை 60 நாள் இலவசமாக முயன்று பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். முழுப் பாட்டுக்கும் வேக வரைபடத்தையும் தாள மாற்றங்களையும் முதலிலேயே போட்டுவிடுங்கள். பிறகு மிடியில் டிரம்ஸ், ஒரு கிடார், பேஸ், வாய்க்கு வந்த பாட்டு. இவ்வளவு போதும். ஏழு பாட்டுக்கும் இப்படி முடித்து, வரிசையாக அடுக்கி, இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். மொத்தம் 40 முதல் 45 நிமிடம் இருந்தால் நல்லது. ஒரு பகுதியில் உங்கள் கை தானாகப் போனை எடுத்தால், வெட்ட வேண்டிய பகுதி அதுதான். ஒவ்வொரு பாட்டிலும் ஒரு நிமிடமாவது வெட்டத் தகுந்ததாக இருக்கும்.

அறையும் பதிவும்

சென்னை ஸ்டுடியோவில் நாள் கணக்கில் வாடகை கொடுத்துப் பாட்டை யோசிப்பதுதான் பணத்தை வீணாக்கும் வழி. யோசனை எல்லாம் இங்கேயே முடியட்டும். நிஜ டிரம்ஸ் வேண்டுமென்றால் அதற்கு மட்டும் ஸ்டுடியோவுக்குப் போகலாம். காட்பாடி ஜங்ஷனிலிருந்து சென்னை சென்ட்ரல் 130 கி.மீ., எக்ஸ்பிரஸ் ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். டிரம்மர் பாட்டை மனப்பாடமாக வைத்திருந்தால் இரண்டு நாளில் மொத்த ஆல்பத்துக்கும் அடித்துவிட்டுத் திரும்பலாம். வசதி இல்லையென்றால் மின்னணு டிரம்ஸில் வாசித்து மிடியாகப் பதியுங்கள். மவுஸால் கட்டம் கட்டமாக வைத்த டிரம்ஸில், எல்லா அடியும் ஒரே பலத்தில் விழுவதைக் காது உடனே கண்டுபிடித்துவிடும். ஒவ்வோர் அடியின் பலத்தையும் கையால் மாற்றிவிடுங்கள்.

கிடாரை ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் நேரடியாக ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகி, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். அளவு அதிகபட்சம் மைனஸ் 10 டெசிபலைத் தொட்டால் போதும். அந்தச் சுத்தமான பதிவைப் பத்திரமாக வைத்தால், ஆம்ப் ஒலியைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச சாஃப்ட்வேரே தரமானது. தாளக் கிடாரை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை முழு இடதுக்கும் மற்றதை முழு வலதுக்கும் தள்ளுங்கள். ஒரே பதிவைப் பிரதி எடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அகலம் வராது. ஏழு கம்பி கிடாரின் கீழ் பி சுரம் சுமார் 62 ஹெர்ட்ஸ். அதைத் தளர்ந்த கம்பியில் அழுத்தி அடித்தால் சுதி மேலே ஏறி இறங்கும். தடிமனான புதுக் கம்பி போட்டு, ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் சுதி பாருங்கள். வேலூர் வெயிலில் வியர்த்த கையால் வாசித்தால் கம்பி சீக்கிரம் துரு பிடிக்கும், வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

அடுத்தது இரைச்சல். கெயினைக் கூட்டியதும் உம்ம்ம் என்று 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்டால், வீட்டு வயரிங்கில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பாருங்கள். முனகலை நிறுத்த எர்த் பின்னை உடைக்கிற வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள், உயிருக்கு ஆபத்து. இன்வெர்ட்டரில் ஓடும்போது இரைச்சல் வேறு மாதிரி ஏறும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாள் முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும், அன்று பதிவு வைக்க வேண்டாம். ஆடி மாத ஒலிபெருக்கியோடு போட்டி போட முடியாது, குரல் பதிவை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ரயில் பாதை பக்கம் வீடு என்றால் நடுநிசி தாண்டியும் சரக்கு ரயில் போகும், ஆனால் கிடாருக்கும் பேஸுக்கும் அது பொருட்டே இல்லை. குரலுக்கு மட்டும் துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, பின்னால் மெத்தையைச் சாய்த்து, ஃபேனை நிறுத்திவிட்டு விடியற்காலையில் பாடுங்கள். உறுமும்போது தொண்டை வலித்தால் முறை தவறு என்று பொருள். அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

மிக்ஸிங்

கிடாரில் 80, 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு அந்த இடத்தைப் பேஸுக்கும் கிக்குக்கும் கொடுங்கள். இந்த வகை இசையின் பருமன் பாதிக்கு மேல் பேஸில்தான் இருக்கிறது. அதை இரண்டாகப் பிரித்து, அடிப்பகுதியைச் சுத்தமாகவும் மேற்பகுதியைக் கரகரப்பாகவும் வையுங்கள். சத்தத்துக்காக நசுக்க வேண்டாம். ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் பாட்டின் சத்தத்தைச் சுமார் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்க விடுகிறது. மாஸ்டரிங்கை மட்டும் காசு கொடுத்து இன்னொருவரிடம் விடுங்கள். இத்தனை மாதம் கேட்டுச் சலித்த காதுக்குக் குறை தெரியாது.

உரிமை

எந்தப் பாட்டை யார் எழுதினார், வருமானம் எப்படிப் பிரியும் என்று முதல் டெமோ முடிந்த வாரமே ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதுதான் இதைச் செய்ய முடியும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டை உருவாக்கியவுடனேயே உரிமை வந்துவிடும். எழுதியவரின் ஆயுள் முழுவதும், பிறகு 60 வருடமும் அது நீடிக்கும். ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினரானால் வரிக்கும் இசைக்கும் ராயல்டி வர வழியுண்டு. பழைய சினிமாப் பாட்டின் துண்டையோ யாரோ பதிவு செய்த நாதஸ்வரத்தையோ அனுமதியில்லாமல் நுழைக்காதீர்கள்.

வெளியிட ஏதாவது ஒரு டிஜிட்டல் விநியோக நிறுவனமும், கூடவே பேண்ட்கேம்ப்பும் போதும். பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் தன் பங்காகப் பொதுவாக 15 சதவீதம் எடுக்கும், வாங்கியவரின் மின்னஞ்சலும் உங்களுக்குக் கிடைக்கும். வி.ஐ.டி. ரிவியேராவிலும் சென்னை ஐ.ஐ.டி. சாரங்கிலும் மேடை தேடுங்கள். ஆனால் வெளியீட்டை அந்த மேடைக்காகத் தள்ளிப்போடாதீர்கள். வரிகளைத் தமிழிலேயே அச்சிட்டு ஆல்பத்தோடு கொடுங்கள். ஆம்பூரில் யாருடைய சொற்களைக் கேட்டு எழுதினீர்களோ, முதல் பிரதி அவர்களுக்குப் போகட்டும்.