மோட்டார் வண்டிக்கு மாற்றுச் சக்கரம் பொருத்துதல்

குடும்ப மோட்டார் வண்டி வைத்திருப்போருட் பலர், வண்டியுடன் வந்த எஃகுச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அலுமினியக் கலப்புலோகத்தாலாய அலாய் சக்கரங்களை அழகு கருதிப் பூட்டுகின்றனர். பெற்றோரும் மக்களும் ஏறிச் செல்லும் வண்டியின் பாரம் முழுவதும் அந்நான்கின்மேல் நிற்றலால், அவை பொருந்துமா என்பதை ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். ஆராயத்தக்கன ஐந்து.

முதலாவது, போல்ட்டு வட்டம். போல்ட்டுகளின் நடுப்புள்ளிகள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டமே ஈண்டு அளவாம். இது 100 மில்லிமீட்டராகவுள்ள வண்டிக்கு 98 மில்லிமீட்டர்ச் சக்கரமும் ஒருவாறு ஏறிவிடுதல் உண்டு. ஆயினும் நட்டுகள் சாய்ந்தமர்வதால், ஓட்டத்திலே தளர்ந்து சக்கரம் கழலுதற்கு இடமாகும்.

இரண்டாவது, நடுத்துளை. அது குடத்தினும் சிறிதாயின் சக்கரம் ஏறாது. பெரிதாயின் நடுவே அமராது அதிரும். இடைவெளியை நிரப்பும் வளையமிட்டு இக்குறையைத் தீர்க்கலாம்.

மூன்றாவது, ஆப்செட். ரிம் அகலத்தின் நடுக்கோட்டிற்கும், குடத்தோடு ஒட்டும் முகத்திற்கும் இடையேயுள்ள தூரம் இதுவாம். 40 மில்லிமீட்டருக்கு மாறாக 25 ஆயின், சக்கரம் 15 மில்லிமீட்டர் வெளியே தள்ளும். டயர் மட்கார்டில் உராயவும், பேரிங்கின்மேல் சுமை மிகவும் கூடும்.

நான்காவது, முழு விட்டம். 185/65 ஆர் 15 என்னும் டயரில், அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 65 பங்கு, அஃதாவது 120.25, ரிம் 15 அங்குலம், அஃதாவது 381 மில்லிமீட்டர். ஆகவே முழு விட்டம் 621.5. 16 அங்குல ரிம்மில் 195/55 டயர் இட்டால் 620.9 ஆகும், வேற்றுமை அற்பமே. 205/60 இட்டாலோ 652.4 ஆகி, நூற்றுக்கு 5 பங்கு மிகும். அப்பொழுது வேகமானி 80 எனக் காட்ட, வண்டி 84 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்.

ஐந்தாவது, பாரந்தாங்குந் திறன். டயரிற் பொறித்த 88 என்னும் எண் 560 கிலோகிராமையும், 87 என்பது 545 கிலோகிராமையும் குறிக்கும். எனவே விட்டம் ஒத்தபோதும் திறன் குறைதல் கூடும். உற்பத்தியாளர் கைந்நூல் விதித்த எண்ணிற்குக் குறைந்ததைக் கொள்ளலாகாது. ரிம்மின் திறனையும் இவ்வாறே நோக்குக. அன்றியும், மேற்கூறிய 195/55 டயரின் பக்கச் சுவர் 13 மில்லிமீட்டர் தாழ்ந்தமையால், பள்ளத்தில் விழுங்கால் அதிர்ச்சி ரிம்மையே தாக்கும். எஃகு நெளியுமிடத்தில் வார்ப்பு அலுமினியம் வெடித்தலும் உண்டு.

இனிப் பூட்டும் முறை. குடத்தின் முகத்திலுள்ள துருவை நீக்குக. நட்டின் அடி கூம்போ உருண்டையோ என்று கண்டு, சக்கரத்தின் குழிக்கு ஏற்றதையே கொள்க. எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கி, வண்டியை இறக்கிய பின்னர் டார்க் ஸ்பானரால் கைந்நூல் கூறும் அளவிற்கு இறுக்குக. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் சோதித்தல் இன்றியமையாதது.

மாணவர் விடுமுறையில் இல்லஞ் சென்றபொழுது, தம் வண்டியின் டயரிலுள்ள எண்களைப் படித்து இக்கணக்கைத் தாமே செய்து பார்ப்பாராக. கடைக்காரர் சொல்லை நம்புமுன் அளவுகோலை நம்புதல் நலம்.