பரிசு விழுந்தால் என்ன செய்வீர்கள்?

"பரிசுச் சீட்டில் இருபத்தைந்து கோடி ரூபாய் விழுந்தால் என்ன செய்வீர்கள்?" என்று எவரைக் கேட்டாலும் விடை உடனே வந்துவிடும். கடனை அடைப்பேன், வீடு கட்டுவேன், மகளுக்குத் திருமணம் செய்வேன், எஞ்சியதைத் தருமத்திற்குக் கொடுப்பேன் என்பர். இவ்விடைகளில் குற்றம் ஏதும் இல்லை. ஆயினும், அவற்றைச் சற்று ஆராய்ந்து பார்த்தல் நலம்.

கணக்கைக் காண்போம்

2022ஆம் ஆண்டு கேரள அரசின் ஓணம் சிறப்புக் குலுக்கலில் முதற்பரிசு 25 கோடி ரூபாய். சீட்டின் விலை 500 ரூபாய். விற்ற சீட்டுகளோ 60 இலட்சத்திற்கும் மேல். அத்தனை பேர் கனவிலும் ஒருவருடையதே பலித்தது. அவருக்கேனும் முழுத்தொகை கிடைத்ததா? முகவர் கழிவு 10 விழுக்காடு போக 22.5 கோடி. அதற்கு வருமானவரி 30 விழுக்காடு. அவ்வரியின்மேல் 37 விழுக்காடு கூடுதல் வரி. இரண்டும் சேர்ந்த தொகைமேல் 4 விழுக்காடு தீர்வை. எல்லாம் போக எஞ்சுவது ஏறத்தாழ 12.88 கோடி. சில நாள்களிலேயே உதவி கேட்டு வருவோர் கூட்டத்தால் தம் வீட்டில் தங்க இயலாமல், இப்பரிசு கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் வெளிப்படையாக வருந்தினார்.

மகிழ்ச்சி பெருகுமா?

1978ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலார் சிலர், பெரும்பரிசு பெற்ற 22 பேரை ஆராய்ந்தனர். பரிசு பெறாதாரைவிட அவர்கள் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியுற்றிருக்கவில்லை. அன்றாடச் சிறு இன்பங்களில் அவர்கள் பெற்ற சுவையோ குறைந்திருந்தது. சுவீடன் நாட்டில் பின்னர் நிகழ்ந்த பெரிய ஆய்வு, பரிசு பெற்றோரின் வாழ்க்கை மனநிறைவு பல ஆண்டுகள் உயர்ந்தே நின்றதாகக் கூறுகிறது. ஆகவே பொருள் பயனற்றது என்று நாம் சொல்ல வேண்டா. வரும்வரை நாம் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

ஒரு பட்டியல்

என் தமையனார் வாரந்தோறும் பத்து ரூபாய்க்குச் சீட்டு வாங்குவார். 2003ஆம் ஆண்டு ஜனவரியில் தமிழக அரசு விற்பனையைத் தடை செய்யும்வரை, இருபது ஆண்டுகள் அவ்வழக்கம் நீடித்தது. அவர் மறைந்தபின், பெட்டியில் நாட்காட்டித் தாள் ஒன்று கிடைத்தது. "பரிசு விழுந்தால்" என்று தலைப்பிட்டு எழுதியிருந்தார்: வீட்டுக்கு ஓடு மாற்றல், தங்கைக்குக் கம்மல், ஜினாலயத்தில் ஒரு நாள் பூசை, பள்ளிப் பிள்ளைகள் பதின்மருக்கு நோட்டுப் புத்தகம், பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மூக்குக்கண்ணாடி.

பேராசைக்காரர் எழுதும் பட்டியலா இது? சீட்டுக்குச் செலவிட்ட தொகை பத்தாயிரத்து நானூறு ரூபாய். ஓடு நீங்கலாக அனைத்தையும் அத்தொகையிலேயே முடித்திருக்கலாம். பாட்டியார் கண்ணாடி இன்றியே காலமானார். அண்ணனை மட்டும் குறை கூற எனக்குத் தகுதியில்லை. மாதச் சம்பளம் வாங்கிய ஆசிரியையாகிய நானும், அவர் அரிசியில் கல் பொறுக்கத் தடுமாறியதை நாள்தோறும் கண்டிருந்தேன்.

அறம் காட்டும் வழி

சூதினை ஏழு விசனங்களுள் ஒன்றாக நம் முன்னோர் விலக்கினர். இல்லறத்தார்க்குரிய அணுவிரதம் ஐந்தனுள் ஒன்று பரிக்கிரக பரிமாணம். அஃதாவது, உடைமைக்கு அளவு வகுத்துக்கொள்ளுதல். பொருள் வந்தபின் எல்லை வகுப்பது அரிது. வருமுன்னரே வகுத்தல் எளிது. உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்னும் நால்வகைத் தானமும் செல்வர்க்கு மட்டும் விதிக்கப்பட்டன அல்ல. ஒரு கவளமும் தானமே.

இல்லத்தில் செய்தற்குரிய பயிற்சி

1. குடும்பத்தார் அனைவரும் தனித்தனியே, "பரிசு விழுந்தால்" என்னும் பட்டியலை எழுதுக.

2. அவற்றுள் ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும் ஒன்றைக் கோடிடுக.

3. அதனை இம்மாதத்திற்குள் செய்து முடிக்க. சிறுவர்களே அதனைத் தம் கையால் கொடுக்கட்டும்.

4. எஞ்சியவற்றுள், "இதற்கு மேல் வேண்டா" என்னும் எல்லையை எங்கே இடுவது என்று பெரியோர் கூடிப் பேசுக.

பட்டியலைப் பெட்டிக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள்.