பின்பக்கம் தூக்கி நிற்கும் ஹெரால்ட்

கேள்வி: அப்பா 1960களில் வாங்கிய இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பின் லீஃப் ஸ்பிரிங் உட்கார்ந்துபோய்விட்டதால், லாரிகளுக்குப் பட்டை போடும் ஒரு கடையில் புதிதாகக் கட்டி மாட்டினோம். இப்போது கார் பின்பக்கம் தூக்கி நிற்கிறது. பின்சக்கரங்களின் மேல்பகுதி வெளியே சாய்ந்து, அடிப்பகுதி உள்ளே ஒடுங்கியிருக்கிறது. "ஓட ஓட இறங்கிவிடும்" என்றார்கள், இறங்கவில்லை. வளைவில் வால் எழும்புவது போலிருக்கிறது. இங்கிலாந்திலிருந்து டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரின் ஸ்பிரிங்கை வரவழைத்துப் போடலாம் என்கிறார் நண்பர். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கவும் ஆசை. என்ன செய்யலாம் ஐயா?
– வாசகர், செம்பரம்பாக்கம்

பதில்: இந்த ஸ்பிரிங்கோடு தயவுசெய்து பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். டிராக் ஆசையையும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். உங்களுக்கு "வால் எழும்புவது போல" தோன்றுவது பிரமை இல்லை. உண்மையிலேயே எழும்புகிறது.

லாரியில் பின் ஆக்ஸில் ஒரே தண்டு. ஸ்பிரிங் உயரமாக இருந்தாலும் தாழ்ந்து இருந்தாலும் சக்கரம் நிமிர்ந்தே நிற்கும். பட்டைக் கடைக்காரர் கைக்குப் பழகிய கணக்கு அது. அந்தக் கணக்கில் அவர் சொன்னது தவறில்லை. ஹெரால்டின் கதையே வேறு. டிஃபரன்ஷியல் பெட்டி சேஸிஸோடு நிலையாக நிற்க, அதன் தலைமேல் ஒரே ஒரு ஸ்பிரிங் இடவலமாகக் குறுக்கே படுத்திருக்கிறது. அதன் இரண்டு முனைக் கண்களும் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த துண்டுகளில் போல்ட் ஆகின்றன. அரை ஆக்ஸில் ஒவ்வொன்றுக்கும் ஒரே யுனிவர்சல் ஜாயின்ட், அதுவும் உள்பக்கம் மட்டும். ஆகவே சக்கரம் நேராக மேலும் கீழும் போகாது. அரை ஆக்ஸிலோடு சேர்ந்து ஊசலாடும். உடல் உயர்ந்தால் சக்கரத்தின் அடி உள்ளே ஒடுங்கும். இந்தக் காரில் எடையைத் தாங்குவதும் ஸ்பிரிங்தான், சக்கரத்தின் சாய்வை முடிவு செய்வதும் ஸ்பிரிங்தான்.

வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரத்தின் டயர் தரையைப் பற்றிக்கொண்டு காரைத் தூக்கப் பார்க்கும். பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தீர்களானால் எடை முன்னால் ஓடி, பின்பக்கம் இன்னும் எழும்பும். டயர் விளிம்பில் நிற்கும். வால் வெளியே வீசும். அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் 1965இல் கார்களின் பாதுகாப்பு பற்றி எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே இதுபோன்ற ஊசல் ஆக்ஸில் கொண்ட ஷெவர்லே கார்வேரைப் பற்றியது. ஏற்கெனவே தூக்கி நிற்கும் கார் இந்த ஆபத்தில் பாதி தூரம் போய்விட்ட கார். உட்கார்ந்துபோன பழைய ஸ்பிரிங்கே இதைவிடப் பத்திரம் என்பேன். பழைய பட்டைகளை இரும்புக் கடைக்குப் போட்டுவிடவில்லை என்று நம்புகிறேன்.

இனி நண்பர் சொன்ன யோசனை. அதற்கு அடிப்படை இருக்கிறது. ஜொவானி மிக்கெலொட்டி வடிவமைத்த டிரையம்ஃப் ஹெரால்ட் 1959இல் இங்கிலாந்தில் வந்தது. 1961 முதல் நம் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் அதைத் தயாரித்தது. 1962இல் அங்கே வந்த ஸ்பிட்ஃபயர் என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் காரும் ஹெரால்டின் உறுப்புகளை வைத்தே பிறந்தது. பின் சஸ்பென்ஷன் அதே ஏற்பாடு. அதனால் அங்கே ஸ்பிட்ஃபயருக்குப் புது ஸ்பிரிங் இன்றும் செய்து விற்கிறார்கள்.

ஆனால் ஸ்பிட்ஃபயர் இரண்டு பேர் உட்காரும் கார். வீல்பேஸ் 83 அங்குலம்; உங்களுடையது 91.5. எடையும் குறைவு. அதன் ஸ்பிரிங்கைப் போட்டுக் குடும்பத்தோடு காஞ்சிபுரம் கிளம்பினால் கார் அடியில் இடிக்கும். இதையே திருப்பிப் போட்டு, ஹெரால்ட் ஸ்பிரிங்கை ஸ்பிட்ஃபயரில் மாட்டினால், உங்கள் கார் இப்போது நிற்பது போல அது தூக்கி நிற்கும். விற்பவரிடம் "ஹெரால்ட் குடும்பத்துக்கு ஆகுமா" என்று கேட்காதீர்கள். எந்த மாடலுக்கு, எத்தனை பட்டை, எந்தச் சுமையில் எந்த உயரம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

1970 கடைசியில் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4இல் இந்தக் கோளாறைப் பெருமளவு தீர்த்தார்கள். ஒரு பட்டையைக் குறைத்து, அடிப்பட்டையை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கி, மேலே உள்ளவை நடுவில் அசைந்தாடும்படி விட்டார்கள். 'ஸ்விங் ஸ்பிரிங்' என்று பெயர். சாலையில் இரு பக்கமும் சேர்ந்து அழுந்தும்போது எல்லாப் பட்டையும் வேலை செய்யும். கார் ஒரு பக்கம் சாயும்போது பெரும்பாலும் அடிப்பட்டை மட்டுமே எதிர்க்கும். அதனால் வால் தூக்குவது வெகுவாகக் குறைந்தது. செலவு குறைந்த, மிக அழகான தீர்வு. அதைப் போட விரும்பினால் முன்பக்க ஆன்டி ரோல் பாரையும் தடிமனாக மாற்றியே ஆக வேண்டும். டிரையம்ஃபும் அப்படித்தான் செய்தது. இல்லாவிட்டால் கார் அளவுக்கு மீறிச் சாயும். டிஃபரன்ஷியல் மேலுள்ள ஸ்டட்களின் அமைப்பும் வேறு. முழு செட்டாகக் கிடைத்தால் செய்யுங்கள். பாதி செட்டில் இறங்காதீர்கள்.

என் யோசனை என்ன என்றால், முதலில் பழைய ஸ்பிரிங்கைப் பிரித்துப் பாருங்கள். பட்டை முனைகளுக்கு இடையே சிறு பொத்தான்கள் இருந்திருக்கும். தேய்ந்து மறைந்து இரும்போடு இரும்பு உரசியிருக்கும். விரிசல் இல்லை என்றால் துருவைச் சுத்தம் செய்து, பொத்தானும் கண் புஷ்ஷும் புதிதாகப் போட்டால் பல ஸ்பிரிங்குகள் பிழைத்துக்கொள்ளும்.

பிழைக்காது என்றால் இங்கேயே செய்யலாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் லாரியும் பஸ்ஸும் உருவாகும் ஊரில் ஸ்பிரிங் ஸ்டீலுக்கும் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கும் பஞ்சமில்லை. கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். இஎன்45 அல்லது எஸ்யுபி9 ஸ்டீல். எண்ணெயில் குளிர்வித்துப் பிறகு டெம்பர் செய்ய வேண்டும். ஷாட் பீனிங் வேண்டும். கடைசியில் வேலைச்சுமைக்கு மேலே பலமுறை அழுத்தி, இறங்க வேண்டியதை அங்கேயே இறக்கிவிட வேண்டும். உலையில் காய்ச்சிச் சுத்தியலால் வளைவு கொடுத்துவிட்டு அனுப்பும் பட்டை ஒன்று மறுபடி உட்காரும், இல்லாவிட்டால் உடையும்.

பட்டையின் கனத்தை வெர்னியர் வைத்து அளந்து பழையதோடு ஒப்பிடுங்கள். உங்கள் கோளாறு அங்கேதான் இருக்கும் என்பது என் சந்தேகம். கனம் கூடினால் விறைப்பு அதன் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 7 போட்டால் விறைப்பு ஏறக்குறைய 1.6 மடங்கு. "ஒரு மில்லிதானே" என்று கடையில் சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். கனம் சரியாக இருந்து வளைவு மட்டும் அதிகம் என்றால், ஸ்பிரிங்குக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவே அலுமினியக் கட்டை வைத்து, நீளமான ஸ்டட் போட்டு இறக்குவது இங்கிலாந்தில் வழக்கம்.

மாட்டும்போது இரண்டு விஷயங்களில் கண்ணாக இருக்கச் சொல்லுங்கள். சக்கரம் கீழே தொங்கும்போது அதைப் பிடித்து நிறுத்துவது ஷாக் அப்சார்பர். அந்த நேரத்திலும் ஸ்பிரிங்கில் இழுவிசை மிச்சமிருக்கும். ஹப்புக்கு அடியில் ஜாக் கொடுக்காமல் ஷாக் அப்சார்பர் போல்ட்டைக் கழற்றினால் அத்தனையும் ஒரே அடியாக விடுபடும், கை போய்விடும். அடுத்தது, கண் போல்ட்டுகளைக் கார் தொங்கும் நிலையில் இறுக்கவே கூடாது. சக்கரங்களைத் தரையில் இறக்கி, முன் இருக்கை இரண்டிலும் ஆளை உட்காரவைத்து, காரை நாலடி முன்னும் பின்னும் உருட்டி, பிறகு இறுக்குங்கள். தொங்கலில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு காரைத் தூக்கியே வைத்திருக்கும். சில நாளில் கிழியும். பட்டையில் முன்பக்கம் என்று குறி இருந்தால் அது காரின் முன்பக்கமே பார்க்க வேண்டும்.

சரிபார்க்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். ஆள் உட்கார்ந்திருக்க, பின்சக்கர ரிம் அருகே நூலைத் தொங்கவிட்டு மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் பாருங்கள். 13 அங்குல ரிம்மில் சுமார் 6 மில்லிமீட்டர் வித்தியாசம் ஒரு டிகிரி. சக்கரம் நேராகவோ, மேல்பகுதி சற்று உள்ளே சாய்ந்தோ இருக்க வேண்டும். மேல்பகுதி வெளியே சாய்ந்திருந்தால் வேலை முடியவில்லை. முடிந்த பிறகு, 3.7 கிலோமீட்டரும் 12 திருப்பங்களும் உள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு நிதானமாகப் போய் வாருங்கள். திருப்பத்துக்கு முன்பே பிரேக் பிடித்து, திருப்பத்துக்குள் காலை எடுக்காமல் ஓட்டுங்கள்.

கேள்வி: ஹெரால்டில் ஸ்டாண்டர்ட் கேசல் காரின் பின் ஆக்ஸிலை மாட்டினால் இந்தத் தொல்லையே இருக்காதாமே?
– வாசகர், வாலாஜாபாத்

பதில்: வண்டலூர்க்காரர்களே அதைத்தான் செய்தார்கள். 1972இல் வந்த கேசலில் ஊசல் ஆக்ஸிலை விட்டுவிட்டு ஒரே தண்டு ஆக்ஸில் போட்டார்கள். நம் சாலைக்கும் மெக்கானிக்குகளுக்கும் அது ஒத்துவந்தது. ஆனால் ஹெரால்ட் சேஸிஸில் அதை மாட்டப் புதிதாகத் தாங்கிகளை வெல்ட் செய்ய வேண்டும். 50, 60 வயதான சேஸிஸில் வெல்டிங் எங்கே நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பிறகு அந்தக் கார் ஹெரால்டாகவும் இருக்காது. 1977இல் உற்பத்தி நின்ற கேசல்களும் அரிதாகிவிட்டன. ஒரு காரைக் காப்பாற்ற இன்னொன்றை அறுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பணத்தில் யுனிவர்சல் ஜாயின்ட்டும் நான்கு நல்ல டயரும் வாங்குங்கள். காற்று பிடிக்கும்போது நான்குக்கும் ஒரே அளவு வைக்க விடாதீர்கள். கையேட்டில் உள்ளபடி பின்டயரில் முன்டயரைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.