விமானப் புள்ளிகளில் வடதுருவ ஒளி: ஒரு கணக்குப் பாடம்

விமான நிறுவனங்கள் வழங்கும் பயணப் புள்ளிகளைப் பலரும் இலவசம் என்றே எண்ணுகின்றனர். அது சரியல்ல. புள்ளி என்பது நிறுவனம் வாடிக்கையாளருக்குத் தர வேண்டிய கடனாகும். அதன் ஐந்தொகையிலும் அது பொறுப்பாகவே காட்டப்படுகின்றது. 1981 இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் தனது திட்டத்தை ஆரம்பித்ததைத் தொடர்ந்து ஏனைய நிறுவனங்களும் இவ்வழிக்கு வந்தன. இக்கடனை எங்கே, எப்போது அறவிட்டால் இலாபம்? வடதுருவ ஒளியைக் காணச் செல்லும் பயணத்தை உதாரணமாகக் கொள்வோம்.

சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துணிக்கைகள் சுமார் 100 கிலோமீற்றரும் அதற்கு மேலுமான உயரத்தில் வளிமண்டல வாயுக்களுடன் மோதும்போதே இவ்வொளி தோன்றுகின்றது. பச்சை நிறம் ஒட்சிசனால் வருவது. நோர்வேயின் ட்ரொம்சோ, பின்லாந்தின் ரொவானியெமி, இவாலோ ஆகியன இதற்குப் பெயர்பெற்ற இடங்கள். செப்டெம்பர் முதல் மார்ச் வரை உகந்த காலம். கோடையில் அங்கு இரவு இருட்டுவதில்லை.

நமது ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2014 இல் வன்வேர்ல்ட் கூட்டணியில் இணைந்தது. பின்லாந்தின் பின்எயாரும் அதே கூட்டணியைச் சேர்ந்தது. எனவே ஸ்ரீலங்கனில் சேர்த்த மைல்களைக் கொண்டு ஹெல்சின்கி ஊடாக வடக்கே செல்லும் ஆசனத்தைக் கோரலாம்.

இனி கணக்கு. சீட்டின் பண விலையிலிருந்து, புள்ளியில் எடுத்தாலும் பணமாகச் செலுத்த வேண்டிய வரிகளையும் கட்டணங்களையும் கழியுங்கள். மீதியைத் தேவையான புள்ளிகளால் வகுங்கள். உதாரணமாக விலை 120,000 ரூபா, வரி 40,000 ரூபா, புள்ளிகள் 20,000 எனக் கொள்வோம். ஒரு புள்ளியின் பெறுமதி 4 ரூபா. அதே சீட்டு மலிவுக் காலத்தில் 60,000 ரூபாவாயின், வரியும் புள்ளிகளும் மாறாதபோது பெறுமதி 1 ரூபா மாத்திரமே. அப்போது பணம் கொடுத்து வாங்கிவிட்டுப் புள்ளிகளைச் சேமித்து வைப்பதே மேல். பண விலையுடன் சேர்ந்து புள்ளித் தேவையும் கூடும் திட்டங்களில் இந்த இலாபம் குறையும்.

கவனிக்க வேண்டியவை:

1. புள்ளிக்கு ஒதுக்கப்படும் ஆசனங்கள் சிலவே. பல மாதங்களுக்கு முன்பே தேடுங்கள்.

2. முகில் மூடினால் ஒளி தெரியாது. ஓரிரவுப் பயணம் சூதாட்டம் போன்றது. மூன்று நான்கு இரவுகளாவது தங்குங்கள். வடக்கில் தங்குமிடச் செலவு அதிகம். புள்ளி அதனைத் தீர்க்காது.

3. புள்ளிக்காகக் கடனட்டையில் நிலுவை வைக்காதீர்கள். வட்டி, புள்ளியின் பெறுமதியை விழுங்கிவிடும்.

4. நீண்டகாலம் பதுக்காதீர்கள். 2017 இல் எயார் பேர்லின் வங்குரோத்தானபோது அதன் வாடிக்கையாளர்களால் மைல்களைப் பயன்படுத்த முடியாமற் போனது. 2024 செப்டெம்பரில் ஸ்கண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ். ஸ்டார் அலையன்ஸிலிருந்து ஸ்கைடீமுக்கு மாறியது. அதன் விமானத்தில் வடக்கே செல்லலாமென்று வேறு ஸ்டார் அலையன்ஸ் நிறுவனங்களில் புள்ளி சேர்த்தவர்களுக்கு அவ்வழி அடைபட்டது.

வங்கி வைப்பைப் போல் புள்ளி வளர்வதில்லை. நிறுவனம் நிபந்தனையை மாற்றினால் அது தேய்ந்தும் போகும். ஆகவே போகுமிடத்தை முதலில் தீர்மானியுங்கள், அதற்குத் தேவையான அளவு சேருங்கள், சேர்ந்ததும் செலவிடுங்கள்.